கல்லறைக்கு ஒரு படம்

ஒத்தாவியோ சாகும்போது அவரிடம் இருநூற்றுப் பதினான்கு காமிராக்கள் இருந்தன. கல்லறையில் பதிக்க அவருடைய படம்தான் ஒன்றுகூட இல்லை. இத்தாலியில் எங்கள் பிரெஷா ஊரில் பீங்கானில் பதித்த படம் இல்லாத கல்லறைக்குள் யாரும் படுப்பதில்லை. கடைசியில் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் பதித்தார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி சாமந்திப் பூவோடு வந்த ஊர்ச்சனம் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

பக்கத்தில் படம் பதிக்க இன்னொரு வட்டம் காலியாக இருந்தது. அது அவர் மனைவி எர்சீலியாவுக்கு. எழுபத்துமூன்று வயதாகிவிட்டது. தானும் அந்தக் கதிக்கு ஆளாகக் கூடாது, நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது அவளுடைய ஆசை.

வீட்டில் உட்காரக் கூடாத நாற்காலி ஒன்று உண்டு, மிலானில் ஒரு மேதை வடிவமைத்தது. வெளிச்சம் தராத விளக்கும், பிழிகிறவர் கண்ணிலேயே சாற்றைப் பீய்ச்சும் எலுமிச்சைப் பிழிவானும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு அழகாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அது எதற்காக உண்டானது என்பதே மறந்துவிடும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வக்கீல் லியாண்ட்ரோ ரிப்பன் கட்டிய கேக் தட்டோடு வந்தார். காமிரா சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் அவர். கேக் சும்மா வரவில்லை. ஒத்தாவியோவிடம் இருந்த, போர் முடிந்த சமயத்தில் ரோமில் செய்த ஒரு காமிராவின் மேல் அவருக்குப் பத்து வருஷமாகக் கண்.

"எர்சீலியாம்மா, அது இங்க அனாதையா கிடக்கலாமா? எங்கிட்ட இருந்தா ராணி மாதிரி இருக்கும்."

"காசே வேணாம், எடுத்துக்குங்க வக்கீலய்யா. அதுலயே என்னை ஒரு படம் எடுத்துக் குடுங்க, கல்லறைக்கு. படம் வந்தா காமிரா உங்களுது."

வக்கீல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அதுல படமா? இன்னிக்கு வரைக்கும் அதுக்குள்ள ஒரு பிலிம் போனதில்லம்மா. இதெல்லாம் பாக்கறதுக்கு. உபயோகிக்கறதுக்கா?"

"என் வீட்டுக்காரர் என்னை நாப்பத்தோரு வருஷம் உபயோகிச்சாரு. பாக்கத்தான் இல்ல."

பேராசை வென்றது. தெருமுனையில் போட்டோக் கடை வைத்திருக்கும் நீவெஸ் பிலிம் போட்டுக் கொடுத்தாள். சங்கத் தலைவருக்குப் பிலிம் போடத் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய். மறுநாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். சுவருக்குப் பொருந்தவில்லை என்று எர்சீலியாவின் கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அவள் முடி திருத்தி, அம்மாவின் பவளத் தோடு போட்டு, அரை மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு தடவை கிளிக். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை இருவரும் கடைக்குப் போனபோது நீவெஸ் கழுவிய பிலிமைத் தூக்கிக் காட்டினாள். முப்பத்தாறிலும் ஒன்றுமே இல்லை.

"உங்க வீட்டு வெளிச்சம் சரியில்லம்மா," என்றார் வக்கீல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வக்கீல் கையுறை போட்டு வெல்வெட் துணியில் கொண்டுவந்திருந்த காமிராவை நீவெஸ் எடுத்துப் பார்த்தாள். "லென்ஸ் மூடி அப்படியே இருக்கே. அன்னிக்குக் கழட்டினீங்களா?"

"எதுக்குக் கழட்டணும்? தூசி விழும். எங்க சங்கத்துல யாரும் கழட்டறதில்ல." பெருமையாகத்தான் சொன்னார். அந்தக் காமிராவில் பார்க்கிற ஜன்னல் தனி, படம் பிடிக்கிற கண் தனி. ஜன்னல் வழியாக எல்லாம் ஜோராகத் தெரிந்திருக்கிறது மனிதருக்கு.

எர்சீலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் வந்து கூடிய இந்தச் சங்கத்து ஆட்களோடா முப்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று அருவருப்பாக இருந்தது. மூடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நீவெஸ், இன்னொரு பிலிம் போடு."

கடை முக்காலியில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்தாள்.

"தலைய நிமித்துக்கா," என்றாள் நீவெஸ். ஒரே கிளிக்.

"காமிராவ நீயே வெச்சுக்க," என்றாள் எர்சீலியா அவளிடம்.

வக்கீல் பதறினார். "நம்ம பேச்சு என்னாச்சும்மா?"

அவள் மூடியை அவருடைய வெள்ளைக் கையுறை மேல் வைத்தாள். "நீங்க படம் எடுத்தது இதுலதான? எடுத்துட்டுப் போங்க."

வக்கீல் அதைக் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டார். அசல் மூடி அல்லவா.