வராத தலைவலி

மேம்பாலத்து இறக்கத்தில், முன்னால் போன லாரியின் பாதி காணாமல் போயிற்று. ஒரு பின்விளக்கு தெரிந்தது. இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீரில் வெயில் பட்டது போல ஏதோ பளபளத்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் அது அங்கேயே இருந்தது. ரம்பப் பல் போன்ற ஓரத்தோடு மெல்ல விரிந்துகொண்டும் இருந்தது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பேருந்தை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

நடத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். எந்தப் பயணியிடமும் சில்லறை கேட்டே பேச்சைத் தொடங்குவதால் அவனுக்குச் சில்லறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“என்னக்கா, டயரா?”

“இல்ல. தலைவலி வரப்போகுது.”

“வரப்போகுதா? இன்னும் வரலியா?”

“வரல. பாதி கண்ணு தெரியல. எனக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும். வேற வண்டிக்குச் சொல்லு.”

முன் இருக்கையில் டை கட்டியிருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வராத தலைவலிக்கே வண்டிய நிறுத்துனா, வந்தா என்னம்மா பண்ணுவ?” பின்னால் சிலர் சிரித்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள் ஒருத்தி. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றது ஒரு குரல். போனை நோண்டினால் இப்படித்தான் என்றது இன்னொன்று. ஆளுக்கொரு வைத்தியம் கையில் இருந்தது. இறங்கத்தான் ஒருவருக்கும் மனமில்லை.

மாற்று வண்டி வந்து அவர்கள் ஏறுவதற்குள் வலியும் வந்து சேர்ந்தது. நெற்றிப்பொட்டின் ஒரு பக்கத்தில் யாரோ உள்ளேயிருந்து ஆணி அறைவது போலிருந்தது. டீசல் வாடை தாங்காமல் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து வாந்தியெடுத்தாள். சில்லறை தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, “நெசமாவே வந்துருச்சா?” என்றான். அடிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

வீட்டில் கணவன் ஜன்னலுக்குப் போர்வை கட்டினான், குழாய் சொட்டாமல் துணி சுற்றினான். எல்லாம் செய்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து கிசுகிசுத்தான். “பஞ்சர்னு சொல்லியிருக்கலாம்ல.”

“ஆணி எங்கன்னு கேப்பாங்க.”

“ஆணிய காட்டிரலாம். தலைவலிய எங்க கொண்டு போய்க் காட்டுவ?”

அவன் சொன்னதுதான் நடந்தது. பணிமனை மேலாளர் அவளை நிற்க வைத்தே பேசினார். “எனக்கும்தான் தெனமும் தலைவலி. நான் என்ன ஆபீஸ நிறுத்திட்டேனா?”

“உங்க நாற்காலி இறக்கத்துல உருளாது சார்.”

டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நரம்பியல் டாக்டர் அவசரப்படாத பெண். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், முட்டியைத் தட்டினார், கோடு பிடித்தாற்போல் நடக்கச் சொன்னார். பளபளப்பு எப்படித் தொடங்கும், எப்படி விரியும் என்று கையால் வரைந்து காட்டச் சொன்னார். அவள் காற்றில் வரைந்தாள். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

“இது மைக்ரேன். ஒத்தத் தலைவலின்னு சொல்றோமே, அது. மூளையில வர்ற கோளாறு. உங்களுக்குக் கண்ணுல முன்கூட்டியே அடையாளம் காட்டுது. வலிக்கு என்ன சாப்பிடறீங்க?”

“கடையில குடுக்கறத. அநேகமா தெனமும்.”

“அந்த மாத்திரையே இப்ப தலைவலிய வளக்குது. அத விட்டுருங்க. அடிக்கடி வராம இருக்க ஒண்ணு எழுதறேன், அது தெனமும். வலி ஆரம்பிச்ச உடனே போட வேற ஒண்ணு, பல்லக் கடிச்சிட்டு இருக்கக் கூடாது. சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடக்கணும்.”

“ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும் டாக்டர். நேரத்துக்குச் சாப்பிடணும்னா பயணிங்கள நடு ரோட்டுல எறக்கி விட்டாத்தான் உண்டு.”

டாக்டர் சிரிக்கவில்லை. “வண்டிய நிறுத்துனது ரொம்ப சரி.”

“அதையே எழுதிக் குடுங்க.”

“எழுதறேன். இது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் ஓட்டக் கூடாதுன்னும் எழுதணும்.”

உண்மையைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது பேருந்து நிலையத்தில் மாதாந்திரப் பயண அட்டை விற்கும் கூண்டு. மாத்திரை முதலில் தூக்கத்தைக் கொடுத்தது, பிறகு வாய்க் கசப்பை. வலி வருவது குறைந்திருந்தது. எரிச்சல் குறையவில்லை. கூண்டுக்கு வெளியே மற்றவர்கள் வண்டியை ஒடித்துத் திருப்புவதைப் பார்க்கும்போது காலடியில் இல்லாத பிரேக்கைத் தானும் மிதித்தாள்.

ஒரு மதியம், மீசை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த ஓட்டுநர் கூண்டுக்கு வந்தார். “தங்கச்சி, அந்த டாக்டர் எங்க பாக்கறாங்க?”

“யாருக்குண்ணே?”

“வீட்டுல.”

அவர் நேராகப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்து அவள் முகத்தைத் தேடினார். முகவரி எழுதிய தாளை நீட்டினாள். அவர் கை அதற்குப் பக்கத்துக் காற்றைப் பிடித்தது.

“அண்ணே, என் முகம் இப்ப முழுசா தெரியுதா?”

அவர் தாளைத் தடவி எடுத்துக்கொண்டார். “இதே கூண்டுக்குள்ள ரெண்டு நாற்காலி போட எடமில்ல தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தார். உள்ளே ஆட்கள் நிரம்பியிருந்தார்கள்.

மேலாளரிடம் சொல்லலாம். சொன்னால் அவரையும் நிற்க வைத்துத்தான் பேசுவார். சொல்லாமலும் இருக்கலாம். எஞ்சின் உறுமியது. வரிசையில் நின்றவர்கள் என்னவென்று கேட்க, அவள் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

மீசை ஹாரனை அழுத்தினார். ஜன்னல்களில் தலைகள் நீண்டன, ஏதேதோ கத்தின. அவள் வண்டியின் முகப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி நின்றாள். சூடான தகரம் அவள் தோள்வரைக்கும் அதிர்ந்துகொண்டிருந்தது.