சோடா நிபுணரின் ஆறு மாத அனுமதி

யாழ்ப்பாணத்துச் சிவஞானம் 1966இல் போர்ட் பிளேயரில் கப்பலை விட்டு இறங்கியபோது, அவர் போடவந்த முதல் முழுவதும் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது: கையால் சுற்றும் சோடா மெஷின். அந்த ஊரின் டாலிகஞ்ச் பகுதியில் டீக்கடை வைத்திருந்த ரீத்தாவோடு கடிதத்திலேயே எல்லாம் பேசி முடித்திருந்தார். இடமும் தண்ணீரும் ரீத்தாவுடையது, மெஷின் இவருடையது, லாபம் ஆளுக்குப் பாதி.

வெளிநாட்டார் பதிவைக் கவனித்த எழுத்தர் தங்கையா, காகிதங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு ரஸ்தா இருக்கு சார். சுத்திப் பார்க்க வந்தேன்னா பதினஞ்சு நாள். வேலைக்கு வந்தேன்னா ஆறு மாசம், இங்க உள்ள முதலாளி கையெழுத்துப் போடணும். முதல் போட்டுத் தொழில் செய்ய வந்தேன்னா ஃபைல் தில்லிக்குப் போகும்."

"திரும்பி எப்ப வரும்?"

"பர்மாக்காரர் ஒருத்தர் ஃபைல் போச்சு. அவரு செத்தே போயிட்டாரு. ஃபைல் இன்னும் வரல."

சிவஞானம் தில்லிக்கு ஒரு மனுவை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை ரீத்தாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். 'தீவில் எவருக்கும் தெரியாத தொழில் அறிந்த சோடா நிபுணர்' என்று தங்கையாவே எழுதிக்கொடுத்தார். முதலாளி என்ற இடத்தில் ரீத்தா கையெழுத்துப் போட்டார்.

சிக்கல் என்னவென்றால், யாழ்ப்பாணத்துக் கடையில் மெஷினைச் சுற்றியவர்கள் வேலையாட்கள். சிவஞானம் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. பெட்டிக்குள் இருந்த படங்களைப் பார்த்து ஒரே வாரத்தில் சோடா போடப் பழகிக்கொண்டது ரீத்தாதான்.

பத்தாம் நாள் அதிகாரி பக்தவத்சலம் விசாரணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எக்ஸ்பர்ட் ஒரு சோடா போட்டுக் காட்டட்டும்."

சிவஞானம் மெஷினுக்குள் புட்டியை வைத்து மூடி, காஸ் திருகை முழுக்கத் திறந்தார். உள்ளே புட்டி வெடித்த வெடியில் அதிகாரி பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார்.

"பலமில்லாத போத்தல் ஐயா. உதுகளை முதல்ல கழிச்சுப்போட வேணும்" என்றார் சிவஞானம், நெற்றியைத் துடைத்தபடி.

ரீத்தாவுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் மெஷினைத் தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"எக்ஸ்பர்ட் ஐயா, காஸைக் கால் திருகுதான் திறக்கணும்னு நீங்கதான எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னீய?"

"ஓமோம், சொன்னனான்." வேறு புட்டியை வைத்துக் கால் திருகு திறந்தார்.

"இருபது சுத்துன்னீய."

"அதுவும் சொன்னனான்."

"தலைகீழா நிறுத்துனாத்தான் கோலி வந்து அடைக்கும்னீய."

கோலி டக்கென்று அடைத்தது. "அட!" என்று சிவஞானமே வாயைப் பிளந்தார்.

அதிகாரி குடித்து, பெரிய ஏப்பம் விட்டு, பேனாவைத் திறந்தார்.

"பஹுத் அச்சா. பத்து நாள்ல இந்தம்மாவுக்கு எல்லாத்தையும் கத்துக் கொடுத்திருக்கீங்க. அப்போ தீவுக்கு இனி எக்ஸ்பர்ட் எதுக்கு? அடுத்த கப்பல்லயே நீங்க கிளம்பலாம்."

சிவஞானம் ரீத்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"சாப், எனக்கு வாயிலதான் வரும், கையில வராது" என்றார் ரீத்தா.

"போடுங்க, பார்ப்போம்."

ரீத்தா சிலுவை போட்டுக்கொண்டு காஸை முழுக்கத் திறந்தார். ஒரு புட்டி வெடித்தது. இன்னொன்றை வைத்தார். அதுவும் வெடித்தது. மூன்றாவதை எடுத்தபோது பக்தவத்சலம் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"பஸ், பஸ்! போதும்! எக்ஸ்பர்ட் இருக்கட்டும்! ஆறு மாசம்!"

அந்த ஆறு மாதம் இன்னொரு ஆறு மாதமானது. அதற்குள் சிவஞானம் உள்ளபடியே சோடா போடக் கற்றுக்கொண்டார். பதினோராம் மாதம் தில்லியிலிருந்து அனுமதி வந்தது. மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தார். எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு ரீத்தாவும் அமர்ந்தார்.

"இனி நீங்களும் முதலாளி, நானும் முதலாளி. சோடாவை யாரு போடுறது?" என்று கேட்டார் ரீத்தா.

வாசலில் சாத்தம் மர அறுவை மில் ஆட்கள் நால்வர் சோடா கேட்டு வியர்வையோடு நின்றார்கள். சிவஞானம் பெருமூச்சுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.