ஒரு கைப்பேசிக்கு ஒரு ஆள்

எங்கள் ஊரில் விளம்பரங்கள் கைப்பேசிக்குள் வருவதில்லை. வீட்டுக்கு நேரில் வரும். ஒரு கைப்பேசிக்கு ஒரு விளம்பரம். பாளையங்கோட்டை வெயிலில் நடந்து வருவதால் முதலில் தண்ணீர் கொடுப்போம், பிறகு காபி. விளம்பரத்தை வெறுவயிற்றோடு அனுப்பிய வீடு என்று பேர் எடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

எனக்கும் என் மனைவி பூரணிக்கும் சேர்த்து ஒரே கைப்பேசிதான். அதனால் எங்கள் விளம்பரத்தின் கணக்கில் இந்த வீட்டில் ஒரே ஆள். அந்த ஆளுக்கு மீசை உண்டு, மூக்குத்தியில் ஆசையும் உண்டு. காலையில் சிக்குக்கோலம் பார்க்கும், சாயங்காலம் மல்யுத்தம் பார்க்கும். யார் கதவைத் திறந்தாலும் விளம்பரம் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடும். ஒரு தடவை மீசை மையையும் பித்தவெடிப்புக் களிம்பையும் ஒரே டப்பாவில் கலந்து கொண்டுவந்து, "அண்ணாச்சிக்குன்னே செஞ்சது" என்றது.

"மூஞ்சிக்கா, காலுக்கா? தெளிவாச் சொல்லும்வே" என்றாள் பூரணி. சிரித்த சிரிப்பில் அவளுக்குக் காபி புரையேறிவிட்டது. அந்த டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

போன ஐப்பசியில் பூரணி இறந்துபோனாள். நான் விளம்பரத்திடம் சொல்லவில்லை. கைப்பேசி சாகவில்லையே, அதற்கு எப்படித் தெரியும்? அது வழக்கம்போல அவளுக்கும் சேர்த்தே கொண்டுவந்தது. நானும் தினமும் காலையில் கைப்பேசியில் சிக்குக்கோலம் பார்த்தேன். அந்தக் கணக்கில் அவளுடைய பாதி வற்றிவிடக் கூடாதில்லையா?

கல்யாணமான நாளிலிருந்து, "இந்தக் கட்டையில போற குறட்டை" என்று என்னைத் திட்டியவள் அவள். ஒரு நாள் விளம்பரம் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது.

"முந்தி தேடுனியளே அண்ணாச்சி, குறட்டைச் சத்தம் போடுத பெட்டி. இப்பத்தான் கிடைச்சுது."

எப்போது தேடியது என்று கேட்டேன். நான் கைப்பேசியை அவளிடம் விட்டுவிட்டுத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்த வாரம். பாவி மகள், தூக்கம் வராமல் கிடந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளம்பரத்துக்கு முன்னால் அழக் கூடாது, மறுநாளே கைக்குட்டையோடு வந்து நிற்கும். அழுதேன். வந்து நின்றது.

அப்படி இருக்கையில்தான் அந்தரங்கக் காப்பு அலுவலகத்திலிருந்து மெர்லின் மேடம் வந்தார்.

"உங்க விவரத்துல வேற யாரோ கலந்திருக்காங்க சார். உங்க அந்தரங்கத்துக்கு ஆபத்து. இன்னைக்கே பிரிச்சு, உங்களுது இல்லாத பாதியை அழிச்சிடுறோம்."

"அழிச்சா?"

"அந்தப் பாதிக்கு இனிமே எதுவும் வராது."

இருக்கிற அந்தரங்கமே அந்தப் பாதிதான் என்று இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"கலப்படமே கிடையாது மேடம். எல்லாம் நாந்தான்" என்றேன்.

மேடம் சோதித்தார். மூக்குத்தி யாருக்கு என்றார். துளையில்லாமல் அழுத்திப் போடுகிற ஒன்றை, காபிக்கு உட்கார்ந்திருந்த விளம்பரம் எடுத்துக் கொடுத்தது, போட்டுக்கொண்டேன். வலித்தது. கோலம் போடச் சொன்னார். வாசலில் குத்தவைத்துப் புள்ளி வைத்து இழுத்தேன். கடைசிச் சிக்கு மட்டும் சேரவில்லை. அவளுக்கும் அது எப்போதும் சேராது. மேடம் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"குறட்டை கேட்டாத்தான் தூக்கம் வரும்னு இருக்கே, அது யாரு?"

"நாந்தான்."

"குறட்டை விடுறது?"

"அதுவும் நாந்தான்."

"ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சு காட்டுங்க."

மதியச் சாப்பாடு முடிந்ததும் முன்னறைக் கட்டிலில் படுத்தேன். மேடம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பூரணி, மானத்தைக் காப்பாத்துட்டி என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

விழித்தபோது மேடம் இல்லை. விளம்பரம் மட்டும் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தது.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. மேடம் சரின்னுட்டுப் போயிட்டாவ. இங்கன குறட்டை விடுதிய, உள்ரூம்ல அசந்து தூங்குதிய. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சு. ஆளு ஒண்ணுதான்."

களிம்பு டப்பாவை என் தலைமாட்டில் வைத்தது.

"உள்ரூம்ல கால் போர்வைக்கு வெளிய கெடக்கு. வெடிப்பு இன்னும் ஆறலை. எந்திரிச்சதும் போடுங்க."

உள்ளறையில் வளையல் சத்தம் கேட்டது. புரண்டு படுக்கிறாள். குறட்டை நின்றால் அவளுக்கு விழிப்புத் தட்டிவிடும். நான் சட்டென்று மறுபடியும் படுத்துக்கொண்டேன்.