எந்தக் கேன் என்று தெரியாமல்

தஸ்தகீர் பாயைத் திட்டித் தீர்ப்பதற்காகவே வீரமணி தர்மபுரியிலிருந்து இண்டூருக்கு வண்டியை விரட்டினார்.

'ஊர்விளக்கு' அவர் நடத்தும் இணையச் செய்தித்தளம். விளம்பரம் கொடுத்தவர்களின் தவறுகளையும் எழுதியதால் விளம்பரங்கள் நின்றுபோயின. நிருபர்களுக்குச் சம்பளம் தர வழியில்லை. அதனால் எல்லாச் செய்திக்கும் பூட்டுப் போட்டார். தலைப்பை யாரும் பார்க்கலாம்; உள்ளே படிக்கச் சந்தா கட்ட வேண்டும். இண்டூரில் கட்டிய ஒரே ஆள் தையல்கடை தஸ்தகீர். அவரோ கட்டிய கையோடு செய்திகளைத் தன் கடை வாசலில் கரும்பலகையில் எழுதிப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பலகையை யாரோ படமெடுத்து வீரமணிக்கே அனுப்பியிருந்தார்கள்.

கடையில் பாய் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். அருகில் ஒரு பெண் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை துவண்டு கிடந்தது.

"என் சோத்துல மண்ணப் போடறீங்களே பாய், நியாயமா இது?" என்று தொடங்கிய வீரமணி, தெருவில் போகிறவர்கள் நிற்கும் அளவுக்குக் கத்தினார். திருட்டு என்றார், கேஸ் போடுவேன் என்றார்.

பாய் மிஷினை நிறுத்தினார். "கத்தி முடிச்சிட்டீங்கன்னா உக்காருங்க. டீ சொல்றேன்."

பலகையில் ஒரு தண்ணீர் கம்பெனியின் பெயரும், அதன் கேனில் கிருமி இருக்கிறது, வாங்காதீர்கள் என்ற வரியும் பெரிய எழுத்தில் இருந்தன. வீரமணியின் நிருபர் பிரியதர்ஷினி அலைந்து திரிந்து, பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துக் கண்டுபிடித்த செய்தி அது.

கொக்கி தைத்தவள் தலையை நிமிர்த்தினாள். அவள் பெயர் பானுமதி. "நீங்கதான் ஊர்விளக்கா?"

வீரமணி தலையசைத்தார்.

தலைப்பை அவளும் போனில் பார்த்திருக்கிறாள். இண்டூர் பக்கம் விற்கும் ஒரு கேன் தண்ணீரில் கிருமி. எந்தக் கேன் என்று பார்க்கத் தொட்டால் பூட்டு. நம் வீட்டுக்கு வருவது அதுவாக இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அதுவேதான். வயிற்றுப்போக்கில் குழந்தை பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. அதன் பிறகுதான் பாய் சந்தா கட்டி, பலகையும் வாங்கினார்.

"கேன்காரனாச்சும் தெரியாம நடந்துச்சுன்னு சொல்லுவான்," என்றாள் பானுமதி. குரல் உயரவில்லை. "உங்களுக்குத் தெரியுமே சார். தெரிஞ்சு பூட்டி வச்சீங்களே."

பரிசோதனைக்கு ஆன செலவை, சம்பள பாக்கியை வீரமணி சொல்லத் தொடங்கினார். அவள் முடிக்கவிடவில்லை.

"காசு கேக்கறது தப்புன்னு நான் சொல்லல. கோயில்லகூட உண்டியல் வச்சிருக்காங்க. போட்டாத்தான் சாமியக் காட்டுவேன்னு திரையா போடறாங்க?"

சிறப்பு தரிசனத்துக்குச் சீட்டு உண்டே என்ற பதில் அவர் நாக்கு நுனி வரை வந்தது. குழந்தையின் கையில் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. வரும்போதிருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதைப் பாயின் மேல் காட்ட முடியவில்லை.

பிரியதர்ஷினிக்குப் போன் போட்டு, எல்லாச் செய்தியையும் திறந்துவிடச் சொன்னார். "அப்புறம் சம்பளம்?" என்று அவள் கேட்டாள். "கீழ ஒரு வரி போடும்மா. படிக்கக் காசு வேணாம், அடுத்த செய்தி எழுதறதுக்கு, முடிஞ்சவங்க குடுங்கன்னு. யாரும் குடுக்கலைன்னா கடையச் சாத்திடுவோம். பூட்டிக்கிட்டு உக்கார வேணாம்."

டீ வந்தது. பாய் தன் சந்தா தொடரட்டும் என்றார். வீரமணி குடித்து முடிப்பதற்குள் அவர் போனில் பத்து ரூபாய் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் பானுமதி.

அவர் கைகூப்பினார்.

"கும்பிடாதீங்க," என்றாள் அவள். "உங்கள மன்னிச்சுக் குடுக்கல. இன்னொருத்தி புள்ளைக்காகக் குடுக்கறேன்."

குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அடுத்த கொக்கியை எடுத்தாள்.