புதன்கிழமை நீராவி

1997 மார்கழியில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, பாய்லர் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தரும் சென்னைக் குழுவினர் ஐந்து பேரின் மூக்குக்கண்ணாடிகளும் அவிநாசியிலிருந்து போன நீராவியில் மங்கிப்போயின. ஆவி போனது தொலைபேசி வழியாக.

அனுப்பியவள் ராமாத்தாள். ரங்கராஜின் சாயப்பட்டறையில் ஆறு வருடமாகப் பாய்லர் அவள் கையில்தான் இருந்தது. சுவரில் தொங்கிய சான்றிதழ் மட்டும் அவளுக்கு முன்பு பாய்லர் ஓட்டிய குமாரசாமியுடையது; அவர் கண்ணில் புரை விழுந்து சொந்த ஊரான அந்தியூருக்கே போய்விட்டிருந்தார்.

“அம்மணி, தை பொறந்தா ஆய்வுக்கு ஆளு வர்றாங்க. உம்பேர்ல சர்டிபிகேட் இல்லீன்னா வேற ஆளைத்தான் போடோணும்” என்றார் ரங்கராஜ்.

“ஏனுங்க, நா மெட்ராசுக்குப் பரிச்சைக்குப் போயிட்டா இதை நீங்க பாத்துக்குவீங்களா?”

“அது விசிலடிச்சாலே நா ரோட்டுக்கு ஓடிப்போயிர்றேன்!”

இந்தச் சிக்கல் பல பட்டறைகளில் இருந்தது. அதனால் அந்த வருடம் வெளி மாவட்டத்துக்காரர்களுக்குத் தொலைபேசியிலேயே வகுப்பு, தொலைபேசியிலேயே தேர்வு என்று குழு ஏற்பாடு செய்தது. புதன்தோறும் பதினொரு மணிக்குப் பத்துப் பட்டறைகளின் இணைப்புகளை ஒன்றாகக் கோத்தார்கள். ராமாத்தாள் ரிசீவரைத் துண்டால் காதோடு கட்டிக்கொண்டு, நீளமான ஒயரை இழுத்தபடி, தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடிக்கும் அடுப்பு வாய்க்கும் நடந்துகொண்டே பாடம் கேட்டாள். ஆறு வருடமாக அவள் எதற்கும் உட்கார்ந்ததில்லை, சோறுகூட நின்றுகொண்டுதான். முதல் வாரம் சென்னை அறை கொஞ்சம் புழுங்கியது. மூன்றாம் வாரம் கரும்பலகை வேர்த்தது. ஐந்தாம் வாரம் குழுவினருக்கு ஆளுக்கொரு துண்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

தேர்வன்று தலைவர் கேட்டார்: “கேஜ் கண்ணாடியில தண்ணி மட்டம் தெரியலை. என்ன செய்வே?”

ராமாத்தாள் திரும்பிப் பார்த்தாள். மெய்யாகவே தெரியவில்லை. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றிருந்தது. அதே நொடியில் சென்னைத் தொலைபேசியிலிருந்து ஆவி பீறிட்டது. பாய்லர் பக்கத்தில் ஒருநாளும் நின்றறியாத தலைவர் நாற்காலி மேல் ஏறிக்கொண்டு, “தண்ணியைத் திறந்து விடும்மா! சீக்கிரம்!” என்று அலறினார்.

அவர் சொல்வதைக் கேட்டால் பட்டறை மிஞ்சாது. கேட்காவிட்டால் சான்றிதழ் மிஞ்சாது. அவள் கை வால்வின் மேல் ஒரு கணம் நின்றது.

“காஞ்ச இரும்புல இப்பத் தண்ணி உட்டா வெடிச்சுப்போடுமுங்க. தீயைத்தானுங்க இழுக்கோணும்” என்று சொல்லிவிட்டு, எரிகிற விறகையெல்லாம் கம்பியால் வெளியே இழுத்துத் தள்ளினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆவியின் அழுத்தம் காட்டும் முள் இறங்கியது. “தலைவரு சொன்னதைக் கேக்காம செஞ்சுபோட்டேனுங்க. பெயிலுன்னா வெரசாச் சொல்லிப்போடுங்க. நா இந்த விறகை அணைக்கோணும்.”

ஐந்து பேரும் கண்ணாடியைத் துடைத்தார்கள். தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கி, “பதில் சரிதான்” என்றார். சான்றிதழில் முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

தை பிறப்பதற்குள் சான்றிதழ், ஓரம் ஈரமாகவே, வந்து சேர்ந்தது. வகுப்புகள் மற்றவர்களுக்காகத் தொடர்ந்தன; அவிநாசி இணைப்பையும் யாரும் எடுத்துவிடவில்லை. ஆண்டுக்குப் பத்துத் துண்டு என்பது குழுவின் வழக்கமான செலவாயிற்று. இங்கிருந்து ஆவி போகிற வழியில் அங்கிருந்தும் ஏதாவது வரத்தானே வேண்டும்? சித்திரை வெயிலில், புதன்கிழமைகளில், ராமாத்தாள் ரிசீவரை ஆணியில் மாட்டிவிடுவாள். அதிலிருந்து உப்பு மணத்தோடு கடற்காற்று வீசும். ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்து, கேஜைப் பார்த்தபடி சோறு தின்பாள். கொஞ்ச நேரத்தில் ரங்கராஜும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

“அம்மணி, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி வையி.”