திறக்காத கண்ணாடிக்கூடு

சபையின் வாலிபர் கூட்டத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஆகட்டும்’. எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேனாம். இப்போது தலையில் முக்கால்வாசி நரைத்துவிட்டது, கண்ணாடிக் கடை வைத்துப் பிழைக்கிறேன், பேர் மட்டும் மாறவில்லை. பாடகர் குழுவில் இருக்கிறவர்கள் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

என்ன நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். “ஒரு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இருந்திருப்பா. நீதான் சாகடிச்ச.” அம்மாவைப் பத்து வருடம் வைத்துப் பார்த்தவள் அக்கா. மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அவள் கையில் இருந்த மண்ணைக் குழியில் போட்டுவிட்டு நடந்து போனாள்.

மறுநாளே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். முதலில் ஜெபிக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வசதி. மற்றவர்கள் சோம்பேறித்தனத்துக்குத் தலைவலி, மழை என்று காரணம் தேடுவார்கள். நாங்கள் ஆண்டவரையே காரணமாக்கிவிடுவோம். “கர்த்தருடைய வேளை வரணும்” என்று சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? என் மனைவி மட்டும் பேசுவாள். “ஜெபிச்சது போதும், செருப்பை மாட்டுங்க” என்பாள்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. பிறகு ஒரு நாள் அக்கா மகள் கடைக்கு வந்து, ஒரு கண்ணாடிக்கூட்டை மேசைமேல் வைத்தாள்.

“மாமா, அம்மா கண்ணாடியில காதுல மாட்டுற கம்பி கழண்டு ஆடுது. உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க.”

அவர்கள் தெருவிலேயே இரண்டு கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, பஸ் ஏறி, என்னிடம் வந்திருக்கிறது. அர்த்தம் புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. அக்காவே கதவைத் திறந்துவிட்டாள். நான் உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

“நானே வீட்டுக்குக் கொண்டு வந்து தர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு.”

ஒரு திருகாணியை முறுக்கும் வேலை. இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் கூட்டைத் திறந்தால் சரி செய்ய வேண்டும், சரி செய்தால் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திறக்காமலே இழுப்பறையில் வைத்தேன். திங்கள் போகலாம், சம்பள வாரம் முடியட்டும், பண்டிகைக் கூட்டம் குறையட்டும். ஒவ்வொரு நாளும் அந்த இழுப்பறையிலிருந்துதான் துடைக்கும் துணியை எடுப்பேன். கூட்டை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு எடுப்பேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து. யார்மீதாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் திருவிருந்து வாங்க எழுந்து போகமாட்டேன். கடைசி வரிசையில் தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஒப்புரவாகாமல் பாத்திரத்தைத் தொடாத என் நேர்மையை நானே மெச்சிக்கொள்வேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “இந்தக் காலத்துல இவ்வளவு பயபக்தியா!” என்றுகூட வியந்தார். போய் ஒப்புரவாகு என்றால் உட்கார்ந்தே இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டவன் நான். கூடு வந்த பிறகு மட்டும் அப்படி எட்டு திருவிருந்துகள்.

கூடு என்னிடம் வந்த மாதத்திலிருந்தே அக்கா சபையில் வேதபாடம் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். இருபது வருடமாக அவள் குரலில் கேட்ட பாடம். என்மேல் உள்ள கோபத்தில்தான் மேடைக்கு வரவில்லை என்று முடிவு கட்டினேன். எனக்கும் லேசாகக் கோபம் வந்தது, பாருங்கள்.

எட்டாவது திருவிருந்தில், முன்னால் ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். சின்னக் கிண்ணம் ஒன்று தரையில் உருண்டு கொண்டிருந்தது. அக்கா முழங்காலில் இருந்தாள். மகள் அவள் தோளைப் பிடித்திருந்தாள். அக்காவின் கை தட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் தேடியது. போதகர் அவள் விரல்களைப் பிடித்து இன்னொரு கிண்ணத்தின்மேல் வைத்தார்.

முப்பது வருடமாகக் கண்களைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆராதனை முடியும் முன்பே வெளியே வந்து, பூட்டியிருந்த கடையைத் திறந்து, கூட்டை எடுத்தேன். கண்ணாடிக்கு அடியில் நாலாக மடித்த சீட்டு. அக்காவின் கையெழுத்து.

“தம்பி, கொஞ்ச நாளா ரெண்டு பக்கமும் இருட்டா இருக்கு. நேரா பாத்தா மட்டும்தான் தெரியுது. நீ பாத்து என்னன்னு சொல்லு. பழசெல்லாம் மறந்துட்டேன். வீட்டுக்கு வா.”

கண் அழுத்தம். என் கடை வாசலில் யாரோ ஒரு வழிப்போக்கன் இதைச் சொல்லியிருந்தால், அன்றைக்கே கையைப் பிடித்துக் கண் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கடைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு திருகாணியை முறுக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா வீட்டில் மகள்தான் கதவைத் திறந்தாள். “போன மாசம் நான்தான் வலுக்கட்டாயமா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன் மாமா. ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கணும்னு சொன்னார். அதுக்கு முன்னாடி நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அம்மா, தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கான், அவன் முதல்ல பாக்கட்டும்னு சொல்லிட்டே இருந்தாங்க.” அத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“தம்பியா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது. இன்னும் தேச்சுத் தேச்சுதான் நடக்குற.”

கண்ணாடியை அவள் கையில் வைத்தேன். முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இப்ப ஆடலடா. நல்லா பண்ணியிருக்க.”

அவள் காலடியில் உட்கார்ந்தேன். “அக்கா, அன்னைக்கு நான் பேசினது…”

“அதையா இன்னும் சுமந்துட்டுத் திரியுற? நான் எப்பவோ விட்டுட்டேன்.” என் தலையைத் தடவினாள். “சீட்டைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“எப்ப?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் என் முகத்தைப் பார்க்கவா முடியும்?

“இன்னைக்குத்தான்கா. கூட்டையே இன்னைக்குத்தான் திறந்தேன்.”

தலையில் இருந்த கை நின்றது. நானே சொன்னேன்: “அம்மாவுக்கு நீ தாமதிச்சது ஒரு நாள்தான்கா. உனக்கு நான் எட்டு மாசம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, தடவித் தடவிக் கூட்டில் வைத்து நீட்டினாள். நான் இருந்த பக்கம் நீட்டவில்லை. எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

“உன்னை மன்னிக்காம இருக்க எனக்குத் தெரியலடா,” என்றாள். “ஆனா படிக்க முடியலயே. அதுதான் தாங்கல.” அப்போதுதான் அவள் அழுதாள்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டது. பாரம் இறங்கும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “தினமும் வந்து வேதத்துல ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டுறியா?”

“ஜெபிச்சுட்டுச் சொல்றேன்” என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆண்டவரே, அப்போதும்கூட. கடித்து விழுங்கினேன்.

“வேதம் எங்க இருக்கு?”

“வச்ச இடத்துலதான், அலமாரியில. எட்டு மாசமா யாரு எடுத்தா?”

அலமாரியிலிருந்து எடுத்தேன். அட்டையில் தூசி. அவள் கடைசியாக வாசித்த பக்கத்தில் நாடா கிடந்தது. அங்கிருந்தே தொடங்கினேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்து நிறுத்தினேன்.

“நிறுத்தாத,” என்றாள் அக்கா, ஜன்னல் பக்கமாகத் திரும்பியபடி. “வாசி.”