மூன்றடி குறைந்த வண்டி

மாமனார் சாக்கட்டியால் இரும்பில் கோடு இழுத்தபோதே கணக்கு இடிக்கிறதே என்று மருமகனுக்குப் பட்டுவிட்டது. பட்டறை முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது அந்தப் பழைய ராணுவ லாரி. ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, சேறோ பாறையோ எதிலும் ஏறிவிடும் என்று ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். ஏறத்தான் செய்தது. திரும்பத்தான் மாட்டேன் என்றது. மரம் ஏற்றப் போகிற மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மூக்கு பாறையில் முட்டும். முன்னே பின்னே தள்ளித் தள்ளி ஓட்டுகிறவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். ஓட்டுகிறவன் மாமனாரின் ஒரே மகன், எல்லோருக்கும் சின்னவன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மூன்றடியை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டிவிடுவது என்று மாமனார் முடிவு கட்டிவிட்டார்.

வெட்டி ஒட்டுவது அவனுக்குப் பெரிய காரியமில்லை. கல்யாணமான கையோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட நாளிலிருந்து பட்டறையின் வெல்டிங் வேலை முழுக்க அவன் தலையில்தான். அவனை அரித்தது வேறு.

"மாமா, சேசிஸைக் குறைச்சா மேல இருக்கற பாடியையும் குறைக்கணும். இல்லன்னா மரமெல்லாம் பின்சக்கரத்தத் தாண்டித் தொங்கும். ஏத்தத்துல முன்பக்கம் தூக்கிரும்."

"வண்டியத்தான் குறைக்கச் சொன்னேன் மாப்ள. லோடக் குறைக்கச் சொல்லல."

"முன்சக்கரம் தரையில அழுந்தலன்னா ஸ்டியரிங் வேலை செய்யாது மாமா."

"நீங்க உங்க வேலையச் செய்ங்க. ஸ்டியரிங் அதோட வேலையச் செய்யும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னவன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். "மாமா சைக்கிள்ல அக்காவ ஏத்திக்கிட்டுப் போனாலே ஹேண்டில் ஆடும்பா. அந்தப் பயம்." அவனும் சிரித்துவைத்தான். வீட்டோடு மாப்பிள்ளையின் சிரிப்பு அது. உதட்டிலிருந்து கீழே இறங்காது.

மதியம் சோறு போட்டபோது மனைவி மெல்லச் சொன்னாள். "அப்பாகிட்ட ஒரு தடவ சொல்லிட்டீங்கல்ல, போதும். இன்னொரு தடவ சொன்னா எதிர்த்துப் பேசுறதா ஆயிடும்."

அவன் இன்னொரு தடவை சொல்லவில்லை. பாடியின் நீளத்தில் கைவைக்கவுமில்லை.

சொல்லாமல் விட்டதையெல்லாம் வேலையில் காட்டினான். சட்டங்களை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினான். உட்பக்கம் கனத்த தகடு வைத்து போல்ட்டால் இறுக்கினான். பற்றவைப்பை ஒரே மூச்சில் இழுக்காமல் கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, தட்டிப் பார்த்து, மறுபடி ஓட்டினான். பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டையும் குறைத்து, ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று படுத்துக்கொண்டே பார்த்தான். மாமனார் வந்து ஒட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டி, "கை வேலைன்னா இது கை வேலை" என்றார். அந்த வீட்டில் அவன் காதுபடக் கிடைத்த முதல் பாராட்டு. வெட்கமில்லாமல் அன்று முழுக்க அவனுக்கு அது இனித்தது.

வண்டி வளைவுகளில் பம்பரமாகத் திரும்பியது. சின்னவன் ஒவ்வொரு நடை போய்வந்ததும் ஹாரனை நீளமாக அடித்தபடி முற்றத்துக்குள் நுழைவான். ஏற்றத்தில் முன்பக்கம் லேசாக மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னான். அதைக்கூட ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான்.

மழை பிடித்த மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. மேல் வளைவில் வண்டி முன்னங்காலைத் தூக்கிய குதிரை மாதிரி எழும்பி, பின்னால் வழுக்கி, சரிவில் பக்கவாட்டாகச் சாய்ந்துவிட்டது. கேபின் பாறையில் நசுங்கியிருக்கிறது. ஆள் உள்ளே உயிரோடு. வெட்டி எடுக்க அவன்தான் வரவேண்டும்.

போய்ப் பார்த்தால் டீசல் ஒழுகி இலைச்சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. நெருப்பைக் கிட்டே கொண்டுபோக முடியாது. ஜாக்கியை முட்டுக்கொடுத்துவிட்டு, கதவுத்தூணை இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடால் கையாலேயே அறுக்கத் தொடங்கினான். ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் சின்னவனின் முகம். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"மாமா, நான் திருப்புனேன். முழுசாத் திருப்புனேன். வண்டிதான் திரும்பல."

"தெரியும்டா. பேசாத."

"தூங்கிட்டேன்னு அப்பா நெனைப்பாரு. தூங்கலன்னு சொல்லுங்க."

"நீயே சொல்லுவ. கொஞ்சம் பொறு, முக்கால்வாசி அறுத்தாச்சு."

பாதிகூட அறுபடவில்லை. பிளேடு ஒடிந்தது. புதியதை மாட்டி மறுபடி அறுத்தான். சின்னவன் குளிருகிறது என்றான். பிறகு அக்காவைக் கூப்பிட்டான், வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதுபோல. அதன்பின் கூப்பிடவில்லை. அவன் அறுப்பதை நிறுத்தவில்லை. மரம் ஏற்றும் சுமைக்காரர் ஒருவர் வந்து மணிக்கட்டைப் பிடித்து, "போதும் தம்பி" என்று சொல்லும்வரை அறுத்துக்கொண்டே இருந்தான்.

மாமனார் குடையில்லாமல் மேலே ஏறி வந்தார். மகனைத் துணியால் மூடியிருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. நேராக வண்டியின் அடிப்பக்கம் போனார். சாய்ந்து கிடந்ததில் சேசிஸ் முழுதும் மழைக்குத் திறந்து கிடந்தது.

"எங்க விட்டுச்சு?" என்று கேட்டார். "ஒட்டு எங்க விட்டுச்சு மாப்ள?"

ஒட்டு விடவில்லை. வந்ததும் வராததுமாக அவன் கண் அங்கேதான் போயிருந்தது. ஏற்றியிருந்த மரங்கள் சிதறிக் கிடந்தன, சக்கரம் ஒன்று கழன்றிருந்தது, ஆனால் அவன் வைத்த ஒட்டில் மயிரிழைக் கீறல்கூட இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் மிச்சமிருப்பது மரம் தொங்கிய அந்தப் பாடியும், அதைக் குறைக்க வேண்டாம் என்றவரும், ஒரே தடவை சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போனவனும்தான்.

அவர் மண்டியிட்டு, சேற்றைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து, இரு கைவிரல்களாலும் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இருக்கும். இங்கதான் எங்கயாவது இருக்கும்" என்று முனகினார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அவன் சுமைக்காரரிடமிருந்து டார்ச்சை வாங்கினான். அவருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் விரல் போகிற இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே போனான்.